எங்கள் கேட்டில் சண்டை போட்ட பிலோமி அக்கா

பிலோமி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்பத்தூரிலிருந்து அவருடைய மகள் ஷீலா பேசினாள். "டீச்சர், அம்மா போய்ட்டாங்க" என்றாள். எப்போது, எப்படி என்று கேட்டேன். விடியற்காலையில், தூக்கத்திலேயே என்றாள். எண்பதைத் தாண்டியவர், ஒரு வருடமாகப் படுக்கையில் கிடந்தவர், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கையில் இருந்த கீரையை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. முந்தாநாள்கூட ஊசி போட வந்த நர்ஸம்மாவைத் திட்டித் துரத்திவிட்டார் என்று ஷீலா சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அடக்கத்துக்கு ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தவர்கள் சிலர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முடி நரைத்து, முட்டி தேய்ந்து, ஆளுக்கொரு ஊரில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறோம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பழைய அண்டைவீட்டுக்காரர் ஒருவர் என்னிடம், நல்ல மனுஷிதான், வாயை மட்டும் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் என்றார். அவர் மனைவி அதோடு விடவில்லை. "உங்க பொண்ணக்கூட உசுரோட கடைசியா ஒரு தடவ எங்கள பாக்க விடலையே டீச்சர்" என்றார். முப்பது வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் ஆறவில்லை. வெயிலில் நின்று எனக்குத் தலை சுற்றியது. ஆட்டோ பிடித்து அண்ணனூர் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

படுத்தும் அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். குவார்ட்டர்ஸில் பிலோமி அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவர் எதற்காகத் திட்டினார் என்பதை உங்களில் பலரிடம் முன்பே சொல்லிப் பார்த்திருக்கிறேன். டீச்சர் பெரிய மனசு பண்ணிப் பேசுகிறார் என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள். எனக்கு அப்படிப் பெரிய மனசெல்லாம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் கணவர் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். நான் அங்கேயே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. மூத்தவள் கயல்விழி ஒன்பதாம் வகுப்பு, இளையவள் தேன்மொழி மூன்றாம் வகுப்பு. அடுத்த வீட்டில் பிலோமி அக்கா. அவர் கணவர் அந்தோணி அண்ணன் பெயின்ட் ஷாப்பில் வேலை. எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர்கள், சேலத்துக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள் என்று எல்லா ஊர்த் தமிழும் கேட்கும். பிலோமி அக்கா ராயபுரத்தில் பிறந்தவர். அவர் பேச ஆரம்பித்தால் மற்ற ஊர்த் தமிழெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். குடித்தனம் வந்த முதல் வாரமே துணிக்கொடி விஷயத்தில் என்னிடம் சண்டை போட்டார். அன்று சாயந்திரமே ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு வந்தது.

தேனுவின் காலில் அங்கங்கே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. விளையாடி விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். பிறகு பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. தொழிற்சாலை ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னை, அங்கிருந்து வேலூர் என்று அலைந்த பிறகு, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தம் ஊறவைப்பதை நிறுத்திவிட்டது என்று சொன்னார்கள். கூடப்பிறந்தவள் மஜ்ஜை பொருந்தினால் எடுத்து இவளுக்கு ஏற்றலாம். கயலுக்குப் பரிசோதனை செய்தார்கள். பொருந்தியது. ஆனால் அதற்கென்று இருக்கும் தனி அறை காலியாகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வப்போது வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நான் பள்ளிக்கு நீண்ட விடுப்புப் போட்டேன்.

அந்தப் பெண் டாக்டர் எங்களை எதிரில் உட்காரவைத்துச் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "இவளைக் கிருமி அண்டாமல் எங்களிடம் கொண்டுவந்து சேருங்கள். காய்ச்சலோடு வந்தால் எங்களால் தொடங்கவே முடியாது." எங்களுக்கு இடப்பட்ட வேலை அவ்வளவுதான். குழந்தையைச் சுத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கேட்கும்போது லேசாகத்தான் இருந்தது.

உங்களுக்கே தெரியும், நம் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் எல்லோரும் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்க்கப் போகாவிட்டால் பகை என்று அர்த்தம். வெறுங்கையோடும் போகக் கூடாது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், பன் ரொட்டி, கோவில் குங்குமம், தர்காவில் ஓதிய கயிறு, மாதா கோவில் எண்ணெய் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வந்தவர்கள் தேனுவின் கட்டிலில் உட்கார்ந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார்கள். அவளுக்கு எதிரிலேயே, இதே மாதிரி வியாதி வந்து போன ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லி அழுதார்கள். நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரையும் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணவருக்கோ பிறந்ததிலிருந்தே அந்த வாய் கிடையாது. ஒரு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்த ஒருவர் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் தேனுவுக்குக் காய்ச்சல் கொதித்தது. வாடகைக் காரில் போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓடினோம். காய்ச்சல் இறங்கி வீடு திரும்ப வெகு நாட்கள் ஆயின. அதே டாக்டர் இந்த முறை எங்களை உட்காரச் சொல்லவில்லை. நிற்கவைத்தே திட்டினார்.

திரும்பி வந்த அன்று மதியம் கொல்லைப்புறச் சுவரோரம் நின்று பிலோமி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் வாய் திறக்காமல் கேட்டார். அதுவே அதிசயம். மறுநாள் இவர் முதல் ஷிப்டுக்குப் போனதும், அக்கா தன் வீட்டு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் கேட்டுக்கு உள்பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒயர் கூடை பின்னும் சாமான்கள். நான் ஜன்னல் வழியாக, என்ன அக்கா இது என்று கேட்டேன். "நீ உள்ள போ டீச்சர். கொயந்தையப் பாரு. வாச நான் பாத்துக்கறேன்" என்றார்.

முதல் சில நாட்கள் வந்தவர்களிடம் காரணம்தான் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. கிருமி என்று சொன்னால், எங்கள் மேல் கிருமி இருக்கிறதா என்று கேட்டார்கள். டாக்டர் சொன்னார் என்றால், டாக்டர் ஆயிரம் சொல்வார், ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். தூர நின்றுதான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர்கள் கட்டிலில் போய் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அக்கா வழியை மாற்றினார். வருகிறவர்களிடம் தேனுவைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஒருவரிடம் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை நகர்த்திவைத்த பழங்கதையை இழுத்தார். இன்னொருவரிடம், அவர் வீட்டுக் கோழி எங்கள் கீரைப் பாத்தியைக் கிளறியதற்கு நியாயம் கேட்டார். நலம் விசாரிக்க வந்தவர்கள் கேட்டிலேயே கொதித்துப்போய், ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஜன்னலுக்கு வந்தேன். ஏன் அக்கா இப்படி, நன்றாகவே சொல்லி அனுப்பலாமே என்றேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "காரணம் சொன்னா வாதாடிக்கினு நிப்பாங்கோ டீச்சர். சண்ட போட்டா போய்டுவாங்கோ. கோவம் எம்மேல இருந்துட்டுப் போவட்டும். நீ நாளைக்கும் இவுங்களோட வாயணும்ல?"

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். குழாயடிக் குடமும் கோழியும் அவர் தேடி எடுத்துக்கொண்ட சாக்குகள். உங்களில் யாருக்காவது மனதில் இன்னும் அந்தக் கோழி கிளறிக்கொண்டிருந்தால், அதைப் பிடித்து அடைத்துவிடுங்கள்.

அவர் மடக்கு நாற்காலியைவிட்டு வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. காபியைக்கூட நான் ஜன்னல் திட்டில் வைப்பேன், எடுத்துக்கொள்வார். நீங்கள் மட்டும் கை கழுவிவிட்டு வந்து தேனுவை ஒரு நிமிஷம் பார்க்கலாமே என்று கூப்பிட்டேன். வாசல்காரியே உள்ளே வந்துவிட்டால் அப்புறம் எவன் வெளியே நிற்பான் என்று கேட்டார். ஒரு முறை அவருக்கே சளி பிடித்துவிட்டது. அன்று நாற்காலியைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே கத்தி ஆட்களைத் திருப்பினார். தெரு முழுக்க அதைக் கேட்டு எரிச்சல்பட்டது. தேனு ஜன்னலில் உட்கார்ந்து கைதட்டினாள்.

தேனுவுக்கு அந்த ஜன்னல்தான் பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாம். சாயந்திரம் ஆனதும், "இன்னிக்கு யாரோட சண்ட ஆன்ட்டி?" என்று கேட்பாள். பிலோமி அக்கா எழுந்து நின்று, வந்தவர்கள் பேசியதையும் தான் பேசியதையும் இரண்டு குரலில் நடித்துக் காட்டுவார். திருநெல்வேலிக்காரர் இழுத்துப் பேசுவதையும் சேலத்து அம்மா இடுப்பில் கைவைப்பதையும் பார்த்து அவள் புரண்டு புரண்டு சிரிப்பாள். அதிகம் சிரித்தால் ஈறு கசியும் என்று நான் பயந்து நிறுத்தச் சொல்வேன். உங்களையெல்லாம் என் மகள் பார்க்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அவள் உங்கள் எல்லோரையும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தான் போகும் மாதா கோவிலின் பங்குச் சாமியாரையும் அக்கா விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிறு மதியம் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபிக்க வந்ததாகச் சொன்னார். வயதானவர், நல்லவர், லேசாக இருமிக்கொண்டிருந்தார். அவரிடம் சண்டை போட முடியாது. அக்கா எழுந்து முக்காடு போட்டுக்கொண்டு, "ஜெபம் செவுரு தாண்டிப் போவும் சாமி. இருமல் தாண்டக் கூடாது. இங்கியே நின்னுகினு ஜெபம் பண்ணுங்கோ" என்றார். சாமியார் சிரித்துவிட்டு, தெருவிலேயே செருப்பைக் கழற்றிவைத்து, எங்கள் சுவரைப் பார்த்துக் கைநீட்டி ஜெபித்துவிட்டுப் போனார். நான் உள்ளே நின்று கும்பிட்டேன்.

கயலையும் அக்கா சும்மா விடவில்லை. கொடுக்கிறவளுக்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்று வாரத்துக்கு இரண்டு நாள் ஈரல் வறுத்துச் சுவருக்கு மேலாக நீட்டுவார். பள்ளியில் மெட்ராஸ் ஐ பரவியபோது, ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே கயலின் புத்தகப் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். காலாண்டுத் தேர்வு போயிற்று. கயல் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "பேசாட்டி போ. கண்ணு செவக்காம இரு, அது போதும்" என்றார் அக்கா.

பெரிய மாமா விஷயத்துக்கு வருகிறேன். இவருடைய அண்ணன். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் சாலை ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருந்தார். தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவர் ஒரு நாள் திருவேற்காட்டில் கும்பிட்டுவிட்டு, குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். கையில் எலுமிச்சை மாலை, வேப்பிலை, அம்மன் தீர்த்தம். பிலோமி அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தார், கேட்டைத் திறக்கவில்லை. இவர் வேலையில் இருந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தேன். வளர்த்த அண்ணனை வாசலில் நிறுத்துவது எங்கள் குடும்பத்தில் நடக்கிற காரியமா?

பெரிய மாமா பார்க்க மட்டும் வரவில்லை. தேனுவுக்கு ரத்தம் கொடுக்கவும் வந்திருந்தார். தொழிற்சாலையில் இவரோடு வேலை செய்தவர்கள்தான் முறைபோட்டுக்கொண்டு வேலூர் வந்து அதுவரை ரத்தம் கொடுத்தார்கள். யார் யாரோ கொடுக்கும்போது சொந்தப் பெரியப்பன் கொடுக்கக் கூடாதா என்று அவர் பல நாளாகப் பொருமிக்கொண்டிருந்தார். ஆனால் டாக்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், சொந்தக்காரர்கள் ரத்தம் மட்டும் வேண்டாம் என்று. இந்த ஒரு மனிதருக்காவது காரணம் சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பெரியவரே, கோச்சுக்காத. அக்காகாரியோட எலும்புச்சாற ஏத்தப் போறாங்கோ. அதுக்கு முன்னால சொந்தத்துல ரத்தம் ஏத்திட்டா, ஒடம்பு அத அடையாளம் வச்சிக்கினு, அப்பால அக்காவுதையும் சேத்துத் தள்ளிடுமாம்."

பெரிய மாமாவால் அதை ஏற்க முடியவில்லை. எப்படி முடியும்? ரத்த சொந்தம் என்றே பேசிப் பழகிய மனிதரிடம், உன் ரத்தம்தான் ஆகாது என்று சொன்னால்? "சொந்த ரத்தத்த உடம்பு தள்ளுமா? எந்த ஊரு நியாயம் இது? நீ யாரு அதச் சொல்ல?" என்று கேட்டைப் பிடித்து உலுக்கினார். அவர் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் நானே ஓடிப்போய்த் திறந்துவிட்டிருப்பேன். பிலோமி அக்கா அதைத் தெரிந்துகொண்டாரோ என்னவோ, சட்டென்று குரலை உயர்த்தினார். வேனை எங்கள் வீட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறாயே, உனக்குப் பஞ்சர் கடையில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா என்று ஆரம்பித்தார். தெரு கூடிவிட்டது. பெரிய மாமா எலுமிச்சை மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டு வேனில் ஏறினார்.

சாயந்திரம் இவர் வந்து கேள்விப்பட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிலோமி அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று இவரிடம் சொன்னார். "நாளைக்கு உங்க அண்ணன் ஊட்டுக்குப் போ. கால்ல உயு. அந்தப் பொம்பள ஒரு மாதிரி, எங்களுக்கே தாங்கலன்னு சொல்லு. எல்லாத்தையும் எம்மேல போட்டுடு." இவர் அப்படியே செய்தார். பெரிய மாமாவின் கோபம் அக்காவோடு நின்றது. அதனால்தான் பின்னால் நாங்கள் வேலூரில் கிடந்தபோது, அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பிக்குத் துணையாக இருந்தார். பிலோமி அக்காவோடு அவர் சாகும்வரை பேசவில்லை.

சண்டை போடாமல் அக்கா தீர்த்துவைத்த விஷயம் ஒன்று உண்டு. மஜ்ஜை ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் மருந்தில் தேனுவின் முடியெல்லாம் கொட்டிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். இடுப்புவரை சடை வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளை. இவர் என்னிடம்கூடச் சொல்லாமல் திருவேற்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். மருந்துக்குக் கொட்டப்போகிற முடியை அம்மனுக்கே காணிக்கையாகக் கொடுத்துவிடுவது என்று. கோவிலுக்குக் கூட்டிப்போக முடியாது. அதனால் வீட்டிலேயே மழித்து, முடியை மஞ்சள் துணியில் கட்டிக் கோவிலில் சேர்ப்பது என்று திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரக்கடைக்காரர் பெட்டியோடு கேட்டில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்காத குழந்தை. அவள் தலையில் கத்தி. இவரோ, நேர்ந்துகொண்டதைச் செய்யாமல்போனால் பிள்ளைக்குத்தானே கேடு என்று நடுங்கினார். அந்த நடுக்கத்தோடு யார் வாதாட முடியும்? பிலோமி அக்கா சவரக்கடைக்காரரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டார். "நேந்துக்கினது நீ. அப்ப தலையும் உன்துதான். எங்க வேளாங்கண்ணி மாதா, கொயந்தைக்கு ஆவாதுன்னா அப்பன் தலைய வாங்கிக்கும். நான் கண்ணால பாத்துகீறேன். உங்க ஆத்தாளும் பெத்தவதான். அவளுக்குத் தெரியாதா?" என்றார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு திருவேற்காட்டுக்குப் போய்விட்டார்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இவர் திரும்பி வந்தபோது தேனு ஜன்னலில் இருந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் ஈறு கசிந்தேவிட்டது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நானும் சிரித்தேன். வேலூரில் மருந்து கொடுத்து அவள் முடி கொட்டியபோது, "அப்பாவும் நானும் ஒண்ணு" என்று நர்ஸிடம் சொன்னாள். கண்ணாடி கேட்டு அழவில்லை.

அறை காலியாகிவிட்டது, வரலாம் என்று தந்தி வந்தது. காலையில் வேனில் ஏறினோம். நீங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தீர்கள். பிலோமி அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், கிட்டே வரவில்லை. வேலூரில் டாக்டர் தேனுவைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எங்கும் புண் இல்லை. இவ்வளவு நல்ல நிலையில் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எப்படிச் செய்தீர்கள்?" என்றார். நாங்கள் செய்யவில்லை, எங்கள் வாசலில் ஒரு அம்மா இருக்கிறார் என்றேன். அவர் சிரித்தார். புரிந்திருக்காது.

கயலின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். பாட்டிலில் சிவப்பாகத் தொங்கியது. தேனுவுக்குள் இறங்கியது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரத்த அணுக்கள் ஏறுகின்றன என்று டாக்டர் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து விரலை உயர்த்திக் காட்டினார். பெரிய மாமா வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். பிறகு ஏறியது இறங்கியது. ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்றார்கள். கடைசியில் காய்ச்சலும் வந்தது. தேனு போய்விட்டாள். இதற்குமேல் இதை எழுத என்னால் முடியாது.

வண்டி குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தபோது தெருவே கூடியிருந்தது. அவளை இறக்கி நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தால், ஒருவரும் உள்ளே வரவில்லை. எங்கள் சுவருக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம், மாலையும் கையுமாக அப்படியே நிற்கிறீர்கள். அத்தனை மாதம் நின்று பழகியவர்கள், இப்போது வரலாமா என்று தெரியாமல் நின்றீர்கள். பிலோமி அக்கா தன் வீட்டிலிருந்து வந்தார். கேட்டின் இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்து வைத்தார். பிறகு உங்களைப் பார்த்துச் சொன்னார்.

"வாங்கோ. எல்லாரும் உள்ள வாங்கோ. இனிமே யாரு வந்தாலும் அவளுக்கு ஒண்ணும் ஆவாது."

சொல்லிவிட்டு அவரே முதலில் உள்ளே வந்தார். தேனுவின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பந்தலில் பேச்சு கிளம்பியது. அடைத்துவைத்து அடைத்துவைத்தே பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று பெரிய மாமா எல்லோர் எதிரிலும் சொன்னார். பிலோமி அக்கா காபித் தூக்கோடு அவர் முன்னாலேயேதான் நின்றிருந்தார். அவருக்கும் ஒரு தம்ளர் ஊற்றி வைத்துவிட்டு நகர்ந்தார். நான் பொறுக்க முடியாமல் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "உடு டீச்சர். அவுங்களுக்கும் இன்னிக்கு யாரையாவது திட்டணும். உன்னத் திட்டறதுக்கு என்னத் திட்டட்டும்" என்றார்.

எல்லோரும் போன பிறகு ஒரு நாள் கயல் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். கடைசியில், "என்னோடதுதாம்மா சரியில்ல. நான் குடுத்தது சரியில்லாததாலதான் அவ போய்ட்டா" என்றாள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அன்று ஒரு சொல் கிடைக்கவில்லை. பிலோமி அக்கா சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"நீ குடுத்தது நல்லதுதான் கண்ணு. நான் காத்ததும் நல்லாத்தான் காத்தேன். டாக்டரம்மாவும் நல்லாத்தான் பாத்துது. பத்தல. அவ்ளோதான். துன்னு."

கயல் சாப்பிட்டாள். அவளுக்கு இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், பெரிய மாமாவும் போய்விட்டார். இப்போது பிலோமி அக்கா. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த 'பத்தல' ஒன்றுதான். அதில் யார் மேலும் பழி இல்லை, எந்தச் சாமி மேலும் இல்லை. தேனுவை நினைத்துக்கொள்கிற நாட்களில் அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தட்டை முன்னால் இழுத்து நாலு வாய் சாப்பிடுகிறேன். சில நாட்களில் அதுவும் பத்துவதில்லை.